ஸ்டாட்டிக்கா, இன்ஸ்டன்ஸா? அண்ணாமார், அக்காமார் உதவுங்கள்

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக அறுவடை தொடங்குவதற்குள், நெல் வாங்கி விற்கும் மாமாவுக்கு ஜாவா நிரல்மொழியில் ஒரு கணக்கு நிரல் முடித்துக் கொடுக்க வேண்டும்.

பிழை என்னுடையதுதான். நிரல் தொடங்கும் மெயின் மெதட் (மெதட் என்பது ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) ஸ்டாட்டிக், அதாவது தனி ஆளின் பதிவுக்கு அன்றி வகுப்புக்கே உரியது. அதற்குள் இருந்து மற்ற மெதட்களை நேரே அழைத்தபோது, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் முறைத்தது. அது வாயை மூடட்டும் என்று மாறிகள் உட்பட எல்லாவற்றுக்கும் ஸ்டாட்டிக் போட்டுவிட்டேன். கம்பைலர் அடங்கியது, மாமா அடங்கவில்லை. மூன்று கமக்காரரைப் பதிந்தால் மூவருக்கும் கடைசி ஆளின் மூடைக் கணக்கே வருகிறது. வாங்காத முற்பணத்தைத் தன் பெயரில் கண்டால் யார்தான் பொறுப்பார்?

ஸ்டாட்டிக் மாறி வகுப்பு முழுவதற்கும் ஒன்றே என்பது இப்போது விளங்குகிறது. நிலுவை கணக்கிட அந்தந்த ஆளின் மூடையும் முற்பணமும் தேவை. ஆகவே அந்த மெதடை, ஒவ்வொரு ஆளின் பதிவோடும் இயங்கும் இன்ஸ்டன்ஸ் மெதடாக மாற்றிவிட்டேன். கிலோவை மூடையாக்கும் மெதட் எவருடைய விபரத்தையும் தொடுவதில்லை. எண்ணை வாங்கி விடையைத் தருகிறது, மேத் வகுப்பின் வர்க்கமூலம் போல. அதை ஸ்டாட்டிக்காகவே விட்டேன். சரிதானே?

சிக்கல், நெல்லின் ஈரத்துக்காகக் கழிக்கும் ஈரப்பதக் கழிவில்தான். இன்று ஒரே சூத்திரம். சம்பா நெல்லுக்கு வேறு, நாட்டு நெல்லுக்கு வேறு என்று மாமா நாளை சொல்லக்கூடும் (சொல்வார், எனக்குத் தெரியும்). ஸ்டாட்டிக் மெதடைத் துணை வகுப்பில் அதே பெயரில் எழுதி மறைக்கலாமே தவிர, ஓவர்ரைடு (override, துணை வகுப்பு தன் முறையை அதற்குப் பதிலாக இயக்குவது) செய்ய முடியாது. அப்படியானால் இப்போதே நெல் என்ற வகுப்பில் இன்ஸ்டன்ஸ் மெதடாக எழுதுவதா, தேவை வரும்போது மாற்றுவதா? இப்படி எழுதிப் பட்டறிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.