கொடுத்தவர் பெயரைத் தேடி: யாங்கோன் அருங்காட்சியக அனுபவங்கள்

யாங்கோனிலிருந்து ஓர் உறுப்பினர்:

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் யார் வந்தாலும் பியே சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டு வழக்கம். வருகிறவர்கள் முதலில் நிற்பது சிங்காசனத்தின் முன்புதான். பர்மிய மன்னர்களின் மண்டலை அரண்மனையில் இருந்த அரியணைகளுள் எஞ்சியது இது ஒன்றே. 1885இல் தீபோ மன்னரை ஆங்கிலேயர் பதவியிலிருந்து இறக்கி இரத்தினகிரிக்கு நாடுகடத்திய பின்னர், இது கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்திற்குப் போயிற்று. அதனால் 1945 மார்ச்சில் போரில் அரண்மனை எரிந்தபோது மற்ற அரியணைகளோடு சாம்பலாகாமல் தப்பி, பர்மா விடுதலை பெற்ற 1948இல் திரும்பி வந்தது. எடுத்துச் சென்றவர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்று சிலர் இதற்கு நன்றி பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நெருப்புக்குத் தப்பியது தற்செயல். எடுத்துச் சென்றது தற்செயல் அன்று.

மன்னரின் அணிமணிகளும் சடங்குப் பாத்திரங்களும் இலண்டனுக்குப் போய் 1964இல் மீண்டன. அவற்றுள் மாணிக்கம் பதித்த, அன்ன வடிவிலான பொற்கலம் ஒன்றை மட்டும், பாதுகாத்து வைத்திருந்ததற்காக என்று சொல்லி, பர்மிய அரசே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டது.

இருந்தாலும் நான் அதிக நேரம் நிற்பது பிக்குகளுக்கு அன்னம் கொண்டுபோகும் ‘சூன் ஓக்’ என்னும் கூம்புமூடிக் கலங்களிடம்தான். மூங்கிலால் உருவம் கட்டி, திட்சி மரத்தின் பாலைப் பலமுறை பூசி உலர்த்துவார்கள். நாம் அரக்கு வேலை என்று சொன்னாலும் பூச்சி தரும் அரக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பாலோடு சாம்பலைப் பிசைந்து நூல்போல் திரித்து, கொடியும் பூவுமாக ஒட்டி, நடுவே கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து, மேலே தங்க ரேக்கு ஒட்டுவார்கள். கண்ணாடி உதிர்ந்த இடத்தில் குனிந்து பார்த்தால் கரிய குழியும், அதைச் சுற்றி விரலால் அழுத்திய வரம்பும் தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் மரவை என்று வழங்கும் பாத்திரங்களும் இந்தப் பர்மிய வேலையைச் சேர்ந்தவைதாம். ஆனால் அவை புழக்கத்துக்கு வாங்கியவை, இது தானத்துக்குச் செய்தது. பொருளும் காலமும் எழுதியிருக்கும் விளக்க அட்டையில், எந்த வீட்டார் எந்த மடத்துக்குக் கொடுத்தார்கள் என்பது மட்டும் இருப்பதில்லை. எனக்குள்ள குறை அதுதான்.

மோல்மேனிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

ஐயா, தங்கள் குறைக்கு ஓரளவு பதில் சுவடிகளில் இருக்கிறது. பிக்குவாகத் துறவு ஏற்கும் சடங்கில் ஓதும் பாலி வாசகங்களைக் கொண்ட கம்மவாசா ஏடுகளைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். துணியைத் திட்சிப் பாலாலான மெருகால் விறைப்பாக்கி, தங்கம் பூசி, அதன்மேல் புளியங்கொட்டை போலத் தடித்த சதுர எழுத்துகளைக் கருமெருகால் எழுதியிருப்பார்கள். எல்லாரும் அந்த எழுத்தையே வியக்கிறார்கள். நானோ ஏட்டுக்கட்டைச் சுற்றிக் கட்டும் ‘சசிஜோ’ என்ற நெசவு நாடாவைத் தேடுவேன். ஓர் அங்குல அகலம்கூட இராது. நீளமோ பல முழம். அதில் எழுத்தையே நெய்து, தானம் செய்தவர் பெயர், அவர் பட்டம், இப்புண்ணியத்தை எல்லா உயிர்களும் பெறுக என்ற வேண்டுதல் என அனைத்தையும் வைத்திருக்கிறார்கள். சேகரிப்புகள் பலவற்றில் நாடா ஒரு பக்கமும் சுவடி ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டன. அப்படிப் பிரித்தவர்கள் அதை வெறும் கட்டுக்கயிறாக நினைத்திருக்க வேண்டும்.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு சான்றும் உண்டு. பர்மாவின் பழைய தலைநகரான பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், மலைமண்டலத்து (கேரளத்து) மாகோதையர் பட்டணத்துக் குலசேகர நம்பி, நானாதேசி விண்ணகர் என்னும் பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபம் எடுத்து, திருக்கதவு இட்டு, அங்கே நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்த செய்தி இருக்கிறது. கொடுத்தவர் பெயர், ஊர், கொடுத்த பொருள் எல்லாம் கல்லில் இருக்க, விளக்கு இல்லை. யாங்கோனில் கலம் இருக்கிறது, பெயர் இல்லை.

அடுத்த முறை சூன் ஓக் பார்க்கும்போது, காவலர் அனுமதித்தால், அடிப்பாகத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். கொடுத்தவர் பெயரை அடியில் எழுதிவைத்த அரக்குக் கலங்கள் உண்டு.