பூட்டு உடையவில்லை, புகாரை மட்டும் காணோம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியை நான். என் பதினோராம் வகுப்பு மாணவன் தன்பால் ஈர்ப்புள்ளவன். அதற்காகவே மாணவர் தலைவர் பட்டியலிலிருந்து அவனை நீக்கினார்கள், எழுத்தில் ஆட்சேபித்தேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, அவன் கைப்பட எழுதிய நான்கு பக்கப் புகார் என் அலமாரியில் இல்லை. பூட்டு அப்படியே இருக்கிறது, உள்ளே டீ கப் மட்டும் இடம் மாறியிருந்தது. சாவி இரண்டு: ஒன்று என்னிடம், மற்றது அலுவலகத்தில். (யாரென்று ஊகம் உண்டு, இங்கே வேண்டாம்.)

தலைமையாசிரியர், "வீட்டில் மறந்து வச்சிருப்பீங்க" என்றார். போலீசில் வழக்கு எண் கிடைத்ததோடு சரி. அன்று சிசிடிவி ஓடவில்லையாம்.

பாலீர்ப்பைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்னும் 1996 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு அவன் பக்கம். பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் போக அவனும் அம்மாவும் தயார். கையில் இருப்பது அந்தப் புகாரைப் போனில் எடுத்த படங்கள்தான். அங்கே போனவர்கள் சொல்லுங்கள்: அசல் இல்லாமல் படங்களை ஏற்பார்களா?