டர்ன் பேஸ்டு சண்டைக்கு ஒரு சொல்: முறையா, ஊழமா?

கொழிஞ்சாம்பாறை, தமிழாசிரியை:

வணக்கம். எங்கள் தமிழ் மீடியம் பிளஸ் டூ மாணவன் ஒருவன் பள்ளி இதழுக்குக் கட்டுரை எழுதியிருக்கிறான். விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3 என்ற இரண்டு வீடியோ கேம்களை வைத்து, சண்டை நடக்கும் விதம் கதையை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கிறான். விட்சரில் நாம் வாளை ஓங்கும்போதே எதிரியும் பாய்வான், நின்று யோசிக்க நேரமே கிடையாது, யோசிப்பதெல்லாம் சண்டை முடிந்தபின் யாரிடம் என்ன பேசுவது என்பதில்தான். பால்டர்ஸ் கேட்டில் ஒருவர் செய்து முடித்தால்தான் அடுத்தவர். முதல் வகைக்கு 'நிகழ்நேரச் சண்டை' என்று போட்டுவிட்டோம். இரண்டாவதற்குச் சொல் இல்லாமல் பக்கத்துக்குப் பக்கம் 'டர்ன் பேஸ்டு' என்று கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும், உதவுங்கள்.

செங்கோட்டை:

டீச்சர், 'முறைச் சண்டை' போதுமே. பல்லாங்குழியில் 'இப்போ என் முறை' என்று சொல்லாத பிள்ளை உண்டா?

சித்தூர், பாலக்காடு:

ஐயா, முறைச் சண்டை என்றால் தாய்மாமன் சீர் விஷயத்தில் மூளும் சண்டை என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள். இங்கே பிள்ளைகள் கிரிக்கெட்டில் பேட் கைமாறும்போது 'இனி என் ஊழம்' என்கிறார்கள். மலையாளத்தில் ஊழம் என்றால் முறை, எம்.டி. வாசுதேவன் நாயரின் 'ரண்டாமூழம்' (இரண்டாம் முறை) நாவலைத் தெரியாத வீடு இங்கே குறைவு. மலையாளம் என்று உடனே தள்ளிவிடாதீர்கள், இதன் வேர் நம் ஊழ்தான். திருக்குறளில் 'ஊழ்' என்ற 38-ஆம் அதிகாரத்துக்கு உரை சொல்லும்போது பரிமேலழகர் பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி எல்லாம் ஒருபொருட் சொற்கள் என்கிறார். அதாவது முறைக்கும் ஊழுக்கும் அவர் காலத்திலேயே பொருள் ஒன்று. புறநானூறு 192-இல் கணியன் பூங்குன்றனார் 'முறைவழிப் படூஉம்' என்று பாடுவதும் ஊழைத்தான். அப்புறம் பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தையே பாருங்கள். சண்டை தொடங்கியதும் யார் முதலில் என்பதை உள்ளே ஒரு நாலு முகப் பகடை உருண்டு தீர்மானிக்கிறது. ஒரு காவலனை ஏமாற்றப் பேசினால் இருபது முகப் பகடை திரை நடுவில் உருளும், ஒன்று விழுந்தால் உங்களுக்கு எவ்வளவு பேச்சுத்திறன் இருந்தாலும் தோல்வி, கதை வேறு பக்கம் திரும்பிவிடும். முறையும் விதியும் ஒரே சொல்லில் அடங்கும் மொழியில் இருந்துகொண்டு, அதை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது? ஊழச் சண்டை என்றே வையுங்கள்.

செங்கோட்டை:

தம்பி, வேர் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று ஊழ் என்றால் தமிழ் படித்தவன் மனதில் வருவது விதி ஒன்றுதான். ஊழச் சண்டையைத் தூத்துக்குடியில் ஒரு பையன் படித்தால் விதியோடு போராடுவது என்று எடுத்துக்கொள்வான். கலைச்சொல் தாலுகாவுக்குத் தாலுகா வேறாக இருக்கக் கூடாது. போர் என்று வந்தபின் புறத்திணையைப் பார்க்காமல் விடவும் மனமில்லை. அதில் ஒன்றான தும்பைத் திணையைத் தொல்காப்பியர் 'மைந்து பொருளாக வந்த வேந்தனைச் சென்று தலையழிக்கும் சிறப்பிற்று' என்கிறார். மண்ணுக்காக அல்ல, வலிமையைக் காட்டவே இரு தரப்பும் நேருக்கு நேர் நிற்பது. இந்த ஆட்டங்களில் பெரிய எதிரியோடு கடைசியில் மோதும் சண்டைக்குத் 'தும்பை' என்று பெயரிட்டால் எவ்வளவு பொருத்தம்!

கொழிஞ்சாம்பாறை:

ஐயா, தும்பை என்றால் பிள்ளைகள் வேலியோரத்து வெள்ளைப் பூவைத்தான் காட்டுவார்கள். அதை இன்னொரு இழையில் பேசலாம்.

குப்பம், சித்தூர் மாவட்டம், ஆந்திரா:

இங்கே தெலுங்கில் முறைக்கு 'வந்து' என்பார்கள். தமிழ் வாக்கியத்துக்குள் போட்டால் வருவதோடு குழம்பும், அதனால் அதை நான் முன்மொழியவில்லை. ஆனால் ஒன்று, நீங்கள் எல்லோரும் வரிசை மாறாது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 1986-இல் வந்த டிராகன் குவெஸ்ட் என்ற ஆட்டத்தில் அது சரி, ஒருவர் அடிப்பார், அப்புறம் மற்றவர். 1991-இல் ஃபைனல் ஃபேன்டசி 4-லேயே அது மாறிவிட்டது. காலம் ஓடிக்கொண்டே இருக்கும், அவரவர் வேகத்துக்கு ஏற்ப முறை வரும். 1997-இல் வந்த ஏழாவதில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு பட்டை நிரம்பும், நிரம்பியவர்தான் அடிக்கலாம், நாம் மந்திரம் தேடி மெனுவில் தடவிக்கொண்டிருக்கும்போதே எதிரி வெட்டிவிடுவான். 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட் இன்னும் வேறு, சண்டை நிகழ்நேரத்தில் ஓடும், வேண்டும்போது நிறுத்திக் கட்டளை கொடுக்கலாம். மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் அந்த மாணவனின் ஒப்பீடே நொறுங்கிவிடும். முதலாவதற்கு முறைவழிச் சண்டை, இரண்டாவதற்கு நிரம்புமுறைச் சண்டை, மூன்றாவதற்கு நிறுத்துமுறைச் சண்டை. 'வழி' சேர்ந்தால் தாய்மாமனும் வரமாட்டார், பாலக்காட்டுச் சித்தூர் அண்ணன் காட்டிய புறநானூற்றுச் சொல்லும் கிடைத்துவிடும்.

செங்கோட்டை:

முறைவழி சரி. நிரம்புமுறை வினைத்தொகையாக நிற்கும், இலக்கணத்துக்குக் குற்றமில்லை, ஆனால் காதுக்குக் கரடுமுரடு.

கொழிஞ்சாம்பாறை:

நேரமில்லை, முறைவழிச் சண்டை என்று அச்சுக்கு அனுப்புகிறேன். அந்த மாணவன் எல்டன் ரிங் என்ற ஆட்டத்தைப் பற்றியும் ஒரு பத்தி வைத்திருக்கிறான். அதில் கதையை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை, கிடைத்த வாளையும் மோதிரத்தையும் திறந்து அதன் கீழே உள்ள நாலு வரியைப் படித்து நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டும். அந்த வரிகளுக்கு 'பொருட்குறிப்பு' என்று போட்டிருக்கிறேன், மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

சித்தூர்:

பொருட்குறிப்பு நன்று டீச்சர். முறைவழிக்கு என் ஒப்புதல் இல்லை. எந்த வகுப்பில் கேட்டாலும் பிள்ளைகள் ஊழம் என்றுதான் சொல்கிறார்கள், நாம் அதைப் பிடுங்கிவிட்டு அவர்கள் வாயில் வராத ஒன்றைக் கொடுக்கிறோம். அடிக்குறிப்பிலாவது 'ஊழம் எனவும் வழங்கும்' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?