புதுப்பிப்பு: 361-ஆ, 362-ஆ? ஆறு மாதம் அறுத்த பிறகு

மேலூர்ப் பக்கம் மரம் அறுப்பவன் நான். பத்து வருடமாக உழைத்த ஸ்டில் எம்எஸ் 361 பெட்ரோல் செயின் ரம்பம் இருக்க, புதிய 362 சி-எம் வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன்.

இரண்டுமே 59 சிசி. சக்தி பழையதில் 3.4 கிலோவாட், புதியதில் 3.5. அது கையில் தெரியவே இல்லை. தெரிவது பெட்ரோல்தான். 362-இல் எரிந்த புகைக்கும் புதிதாக வரும் பெட்ரோல்-காற்றுக் கலவைக்கும் நடுவே வெறும் காற்று ஒரு அடுக்காகப் புகுந்து புகையை வெளியே தள்ளுகிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாக வீணாவது குறைகிறது. சீமைக்கருவேலம் அறுக்கும் நாளில் பழையதற்கு ஐந்து முறை டேங்க் நிரப்பினால் இதற்கு நான்கு போதும். பெட்ரோலில் கலக்கும் ஆயில் கணக்கு மாறவில்லை, லிட்டருக்கு 20 மில்லிதான்.

அப்புறம் கார்புரேட்டர். சித்திரை வெயிலில் 361-இன் திருகைத் திருப்பி, சத்தத்தைக் காதால் கேட்டுக் கலவையைச் சரிசெய்வேன். இதில் எம்-ட்ரானிக் என்ற மின்னணு அமைப்பு தானே பார்த்துக்கொள்கிறது. எனக்குப் பெரிய நிம்மதி.

போன வாரம் ஒரு கிழட்டுப் புளியில், பட்டை மூடிய பழைய ஆணியில் செயின் பட்டுத் தீப்பொறி பறந்தது. பற்கள் முனை மழுங்கி வெள்ளையாக மின்னின. அரத்தோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அதுவரை பழையதுதான் வேலையை ஓட்டியது. விசையை அழுத்தியதும் சட்டென்று சீறும் அந்த வேகம் 361-க்கே உரியது. கிளை கழிக்க இன்னும் அதைத்தான் எடுக்கிறேன்.

பழையதை விலைக்குக் கேட்ட அண்ணன் மன்னிக்கணும், அதைக் கொடுப்பதாக இல்லை.