பழைய ஆங்கில சாம்ப்ளரை அப்படியே தைக்க: 40 கவுண்ட் லினன், நீல இலை, மறையுற எழுத்து

ஊசிக்காது:
வணக்கம். 1700களின் கடைசிக் கால ஆங்கில சாம்ப்ளர் (எழுத்தும் உருவமும் தைச்சுப் பழகுற துணி) ஒன்னோட சார்ட், அதாவது தையலைக் கட்டம் கட்டமா குறிச்ச படம், கையில இருக்கு. மேல எழுத்து வரிசை, நடுவுல ஆப்பிள் மரம், ரெண்டு பக்கமும் ஆதாம் ஏவாள், சுத்தி ஸ்ட்ராபெரி பார்டர். அகலம் 200 தையல், உயரம் 240. 40 கவுண்ட் (அங்குலத்துக்கு 40 இழை) லினன்ல, ரெண்டு இழைக்கு ஒரு தையலா, பட்டு நூல்ல போடப்போறேன். துணி எவ்வளவு வெட்டணும், நூல் எவ்வளவு வாங்கணும்? மரத்து இலை எல்லாம் நீலமா குறிச்சிருக்கு, சார்ட் தப்பா? கீழ வர்ற பாட்டு வரியை மட்டும் ஒத்தை இழைக்கு ஒரு தையலா போடச் சொல்லுது. துணி ஓரத்துல சோதனைக்குப் போட்டுப் பார்த்தா பாதித் தையல் துணிக்குள்ள போய் மறையுது. ஏன்?

கட்டம்40:
40 கவுண்ட்ல ரெண்டு இழைக்கு ஒன்னுன்னா அங்குலத்துக்கு 20 தையல். ஆக 10 x 12 அங்குலம். சட்டம் போட நாலு பக்கமும் 3 அங்குலம் விடுங்க, 16 x 18 வெட்டணும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு அங்குலத்துல பாவு (நெடுக்கு இழை) எத்தனை, ஊடு (குறுக்கு இழை) எத்தனைன்னு குண்டூசி குத்தி எண்ணிடுங்க. 40ன்னு விக்கிற லினன்ல ஒரு பக்கம் ரெண்டு இழை கூடக்குறைய இருக்கிறது சகஜம். 240 தையல் போற பக்கத்துல அது அரை அங்குலத்துக்கு மேலயே தள்ளிவிடும், ஆதாம் குள்ளமாவோ நெட்டையாவோ ஆயிடுவார்.

சுவா டால்ஜேங்கிற பட்டு நூல் ஒரு கண்டு 5 மீட்டர், 7 புரி. இந்தத் துணிக்கு ஒத்தைப் புரி போதும். ஒரு குறுக்குத் தையலுக்கு முன்னும் பின்னுமா 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல ஓடும், ஆரம்பம் முடிவு சேதாரம் சேர்த்து 8ன்னு வைங்க. ஒரு கண்டைப் புரி புரியா பிரிச்சா வர்ற 35 மீட்டர்ல சுமார் 4,000 தையல். சார்ட்ல ஒவ்வொரு நிறத்துக்கும் கட்டம் எண்ணி வகுத்துக்கோங்க. பார்டர் நிறத்தை மட்டும் ஒரே சாயத்தொகுதியில மொத்தமா வாங்கிடுங்க. 28ம் நம்பர் மொட்டை ஊசி, நூல் 45 செ.மீ.க்கு மேல வேண்டாம்; பட்டு உரசி உரசி மினுமினுப்பு போயிடும்.

முதல் தையலோட கீழ் இடது ஓட்டைக்கு வலது பக்கத்துல இருக்கிற பாவு இழை, ஊடு இழைக்கு மேல ஏறி இருக்கிற இடமா பார்த்து ஆரம்பிங்க. ரெண்டு ரெண்டா நகர்றவரைக்கும் எல்லாத் தையலும் அதே மாதிரி இடத்துலதான் தொடங்கும். எங்கயாவது ஊடு மேல ஏறி நின்னா, ஒரு இழை தப்பிடுச்சுன்னு அந்த நிமிஷமே தெரியும். பார்டர் முழுக்க சுத்தி வந்து கடைசி மூலையில சேராம நிக்கிற கொடுமை இதால தவிரும்.

நீலிநிறம்:
சார்ட் தப்பில்லைங்க, அசல் இப்ப இருக்கிறதை அப்படியே படியெடுத்திருக்காங்க. அந்தக் காலத்துல பச்சைன்னு தனிச் சாயம் கிடையாது. வெல்டுங்கிற செடியோட மஞ்சளும் அவுரி நீலமும் ஒன்னு மேல ஒன்னு ஏத்தினதுதான் பச்சை. வெல்ட் வெளிச்சத்துல வெளுத்துடும், அவுரி நிக்கும். இருநூறு வருஷத்துல இலை நீலமா நிக்குது. அதனால முதல்ல நீங்க முடிவு பண்ண வேண்டியது இதுதான்: இன்னைக்குச் சுவர்ல தொங்குறதைத் தைக்கிறீங்களா, அன்னைக்கு அந்தப் பொண்ணு தைச்சதைத் தைக்கிறீங்களா? ரெண்டாவதுன்னா அசலோட பின்பக்கப் படம் இருக்கான்னு தேடுங்க, வெளிச்சம் படாத பக்கத்துல நிறம் அப்படியே இருக்கும். பின்பக்கம் பார்த்த பிறகு முன்பக்க நிறத்துல தைக்க எனக்கு மனசே வராது. எதுவா இருந்தாலும் மொத்தமும் ஒரே மாதிரி போங்க. இலையை மட்டும் பச்சையாக்கிட்டு மீதியை வெளுத்த நிறத்துல விட்டா பொருந்தாது.

கருப்பு, கரும்பழுப்பு இடங்களையும் பாருங்க. அதெல்லாம் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்த்த சாயம், நம்ம கலம்காரியில கடுக்காயும் இரும்புக் காடியும் கருப்பு தர்ற அதே சங்கதி. இரும்பு பட்டு நூலை அரிச்சுடும். மான் குளம்பு, கண், பாம்போட கோடு எல்லாம் உதிர்ந்து ஊசி ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். சார்ட்ல உருவத்துக்குக் கண்ணு இல்லாம காலியா இருந்தா பெரும்பாலும் இதுதான் காரணம்.

நூலிழை:
மறையுற எழுத்துக்கு: ஒரு வரிசை முழுக்கப் பாதித் தையல் (குறுக்கோட ஒரு சாய்வு மட்டும்) போட்டுட்டுத் திரும்பி வர்றீங்கன்னு நினைக்கிறேன். ஒத்தை இழைக்கு மேல பாதித் தையலைத் தாங்க ஒரு முடிச்சும் கிடையாது. மேல ஏறி நிக்கிற துணி இழைக்கு அடியில நழுவிடும். ஒவ்வொரு குறுக்கையும் முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. சதை நிறத்துல ஆதாம் ஏவாள் முகத்தை டென்ட் தையல்ல (ஒரு சாய்வோட நிக்கிற தையல்) போடுறதா இருந்தா, பின்பக்கமும் சாய்வா நீளமா ஓடுற மாதிரி போடுங்க, அது நழுவாது. இழுத்துக் கட்டவும் கூடாது. 40ல ஓட்டை விரிஞ்சுடும்.

ஊசிக்காது:
ரொம்ப நன்றி. வெள்ளை லினன்தான் இருக்கு, டீயில நனைச்சுப் பழசாக்கலாமா? அப்புறம் மகள் பேரு ஜே (J) எழுத்துல ஆரம்பிக்குது, சார்ட்ல ஜேயும் இல்ல யூவும் (U) இல்ல.

நீலிநிறம்:
டீ வேண்டாம். அமிலம் துணியில தங்கி நாளாக ஆக லினனை நொறுங்க வைக்கும், திட்டுத்திட்டாவும் பிடிக்கும். சாயமேத்தின லினனாவே வாங்கிடுங்க. பழைய எழுத்து வரிசையில ஜேக்கு ஐ (I), யூவுக்கு வி (V) போடுறது வழக்கம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல இருக்கிற 1598ம் வருஷத்து ஜேன் பாஸ்டாக் சாம்ப்ளர்லயும் பேரு ஐலதான் தொடங்குது. மகள் பேரையும் அப்படியே போடலாம். பழைய வருஷத்தை வெச்சுக்கிட்டாலும் ஒரு மூலையில உங்க முதலெழுத்தும் இந்த வருஷமும் கட்டாயம் தைங்க. பின்னாடி யாரும் அசல்னு விக்க முடியாது.

கட்டம்40:
சிவப்பு நூலை முதல்லயே ஈரப் பஞ்சுல ஒத்திப் பாருங்க. சாயம் ஒட்டுச்சுன்னா தைச்சு முடிச்ச பிறகு நனைக்காதீங்க.