நடுப்பகலில் சோலார் இன்வெர்ட்டர் நின்று நின்று வருகிறது, அவசர உதவி

பெரியகுளம்_மாடி:
வணக்கம். மொட்டை மாடியில் சோலார் போட்டு நாலு மாதம் ஆகிறது. காலையில் நன்றாக ஓடுகிறது. பதினொன்றரை ஆனால் போதும், சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானே வருகிறது, மறுபடி நிற்கிறது, மூன்று மணி வரை இதே பாடுதான். மாட்டிக் கொடுத்தவர் போனை எடுப்பதில்லை. நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார், அவரிடம் என்ன பார்க்கச் சொல்வது?

கரண்ட்_பாய்:
எத்தனை கிலோவாட்? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? சிவப்பு விளக்கு எரியும்போது டிஸ்ப்ளேயில் என்ன வருகிறது?

செங்கல்பட்டு_மணி:
பேனலைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? எங்கள் வீட்டில் தூசி படிந்து உற்பத்தி குறைந்திருந்தது, விடியற்காலையில் தண்ணீர் அடித்துத் துடைத்ததும் நாளுக்கு ஒரு யூனிட் கூடியது.

ஓம்_விதி:
தூசி படிந்தால் நாள் முழுக்கக் குறையும், உச்சி வெயிலில் மட்டும் நிற்காது. இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். கேட்பவர்கள் பழைய இழைகளைத் தேடிப் படிக்க மாட்டார்கள், விவரமும் தர மாட்டார்கள். டிஸ்ப்ளேயைப் பார்க்கக்கூடத் தெரியாதவர்கள் எதற்கு இவ்வளவு பணம் போடுகிறீர்கள்?

பெரியகுளம்_மாடி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போயிற்று. 3 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ், 78,000 ரூபாய் மானியம் வந்த திட்டம். டிஸ்ப்ளேயில் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்', அதாவது லைனில் வோல்டேஜ் கூடுதல் என்று வருகிறது. நாளுக்கு எட்டு யூனிட்தான் கிடைக்கிறது.

கோவை_பேட்டரி:
மிஞ்சும் கரண்டுக்குப் போக இடமில்லை, அதனால்தான் நிற்கிறது. பேட்டரி போடுங்கள்.

மதுரை_மின்மினி:
அவர் இன்வெர்ட்டர் ஆன்கிரிட், மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது, அதில் பேட்டரி சேராது. கேளுங்கள் தம்பி. இன்வெர்ட்டர் கரண்டை வெளியே தள்ள வேண்டுமென்றால் லைனில் இருப்பதைவிட கொஞ்சம் கூடுதல் வோல்டேஜில்தான் தள்ள முடியும். உச்சி வெயிலில் உங்கள் பேனல் 12 ஆம்பியர் பக்கம் தள்ளும். வயர் மெலிதாகவும் நீளமாகவும் இருந்தால் அந்த 12 ஆம்பியரே இன்வெர்ட்டர் முனையில் வோல்டேஜை ஏற்றிவிடும். 253-ஐத் தாண்டினால் அது துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, 230-க்கு மேல் பத்து சதவீதம். அதனால் இன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.
பகல் 12 மணிக்கு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்வெர்ட்டரில் தெரியும் வோல்டேஜையும் கீழே மீட்டரில் தெரியும் வோல்டேஜையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் டிஸ்ப்ளேயில் எண்கள் மாறி மாறி வரும், பார்த்தாலே போதும், சீல் பக்கம் கை வைக்க வேண்டாம். அப்புறம் இன்வெர்ட்டருக்கும் மீட்டருக்கும் நடுவே எத்தனை மீட்டர், என்ன வயர் என்றும் சொல்லுங்கள்.

கரண்ட்_பாய்:
இன்வெர்ட்டர் செட்டிங்கில் 253 என்பதை 270 ஆக்கினால் வேலை முடிந்தது.

ஓம்_விதி:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அப்புறம் 270 வரை ஏறினாலும் அது நிற்காது, அந்த வோல்டேஜ் உங்கள் ஃப்ரிட்ஜுக்கும் டிவிக்கும் போகும். பாதுகாப்புக்கு வைத்த எல்லையை அழித்துவிட்டு அதைத் தீர்வு என்று சொல்லக் கூடாது.

சேலம்_ஃபேன்:
என்னைக் கேட்டால் சோலாருக்கு முன்னால் ஃபேனை மாற்றியிருக்க வேண்டும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம்தான். நாலு ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஒண்ணே முக்கால் யூனிட் மிச்சம், மாடியும் வேண்டாம் மானியமும் வேண்டாம். பேனலைத் தயாரிக்கச் செலவான மின்சாரத்தை அந்தப் பேனல் ஆயுசுக்கும் திருப்பித் தராது என்கிறார்கள்.

மதுரை_மின்மினி:
ஃபேன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பேனல் விஷயம் தவறு. நம் ஊர் வெயிலில் இரண்டு வருடத்துக்குள்ளேயே திருப்பித் தந்துவிடும், ஆயுள் 25 வருடம்.

சேலம்_ஃபேன்:
அது கம்பெனிக்காரர்கள் சொல்லும் கணக்கு.

ஓம்_விதி:
கம்பெனிக் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. 3 கிலோவாட் நாளுக்கு 12 யூனிட் தர வேண்டும், இவருக்கு நாலு யூனிட் வீணாகிறது. நம் நாட்டு கிரிட்டில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. ஒரே வீட்டில், சரியில்லாத வேலையால், தினமும் இரண்டே முக்கால் கிலோ வெளியேறுகிறது, அந்த நாலு யூனிட்டுக்கு எங்கேயோ நிலக்கரி எரிகிறது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான். ஃபேன், பேனல் இரண்டும் வேண்டும்.

செங்கல்பட்டு_மணி:
இருந்தாலும் ஒரு முறை கழுவிப் பாருங்கள்.

பெரியகுளம்_மாடி:
அக்கா, 12:10-க்குப் பார்த்தேன். இன்வெர்ட்டரில் 252, 253 என்று ஏறி நின்றுபோனது. அதே நேரம் பையன் கீழே மீட்டரைப் பார்த்து 245 என்றான். மாடிப்படி அறையிலிருந்து கேட் வரை முப்பது மீட்டர் இருக்கும். வயர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்).

மதுரை_மின்மினி:
ஏழெட்டு வோல்ட் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஏறுகிறது. 2.5 ஸ்கொயர் தாமிர வயர் முப்பது மீட்டருக்கு, போக வர சேர்த்து, ஐந்து வோல்ட் ஏற்றும். மீதி எங்கோ ஒரு ஜாயின்டில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு நியூட்ரலை முனைக்கு முனை பார்க்கட்டும், வயரை 6 ஸ்கொயராக மாற்றுங்கள். மீட்டரிலேயே 245 என்பதும் கூடுதல்தான், லைனில் 230-க்கு மேல் ஆறு சதவீதம், அதாவது 244 வரைதான் இருக்கலாம். அதற்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள், டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் 'டேப்' இணைப்பை மாற்றினால் இறங்கும்.

கோவை_பேட்டரி:
அப்படியென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டராக மாற்றிவிட்டு பேட்டரி...

(மூன்று நாள் கழித்து)

பெரியகுளம்_மாடி:
6 ஸ்கொயர் இழுத்தாயிற்று. படிக்கட்டு மூலையில் நியூட்ரலை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள், டேப் பழுப்பேறி உருகிக் கையில் ஒட்டியது. இன்று ஒரு முறைகூட நிற்கவில்லை, 12.6 யூனிட். நன்றி அக்கா, ஓம்_விதி சாருக்கும்.

கரண்ட்_பாய்:
இப்போது உச்சி வெயிலில் இன்வெர்ட்டரில் எவ்வளவு வோல்டேஜ் காட்டுகிறது? டிரான்ஸ்ஃபார்மர் டேப் மாற்ற எழுதிக் கொடுத்தீர்களா?

மதுரை_மின்மினி:
எங்கள் தெருவிலும் ஒருவருக்கு இதே 'ஓவர் வோல்டேஜ்' வருகிறது. வயருக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று தம்பி?