தக்காளி பூக்கிறது, ஒன்றுகூட நிற்க மாட்டேன் என்கிறது. மாடித்தோட்டக்காரர்கள் உதவுங்கள்

மேடவாக்கம் மாடி:
எல்லாருக்கும் வணக்கம். சென்னை மேடவாக்கத்தில் மொட்டைமாடித் தோட்டம், இரண்டாவது வருஷம். பொங்கலுக்கு முன்னால் பி.கே.எம். 1 ரகத் தக்காளி விதை போட்டு, தை கடைசியில் செடிப் பைக்கு மாற்றினேன். மொத்தம் 11 செடி. செடியைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது, இடுப்பளவு உயரம், கரும்பச்சை இலை, கொத்துக் கொத்தாகப் பூ. ஆனால் பங்குனி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் பைக்கு அடியில் முப்பது நாற்பது பூ கிடக்கிறது. காய் ஒன்றுகூட இல்லை. சத்துக் குறைவோ என்று வாரம் ஒரு தடவை கடலைப் புண்ணாக்குக் கரைசல், நடுவில் கடைக்காரர் சொன்னார் என்று 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்) வேறு. அதற்கப்புறம்தான் இன்னும் அதிகமாக உதிர்கிற மாதிரி இருக்கிறது. பக்கத்தில் மிளகாயும் இலை சுருட்டுகிறது. என்ன செய்ய?

செம்பருத்தி:
எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் லிட்டருக்குக் கலந்து அடியுங்கள் சிஸ், எனக்கு நின்றது.

பழைய பெருங்களத்தூர்:
எப்சம் உப்பு மெக்னீசியம். இலை நரம்பு பச்சையாக இருந்து நடுவே மஞ்சளடித்தால் அது வேலை செய்யும். இவங்க இலையே கரும்பச்சை என்கிறார்கள், அதற்கு எதற்கு உப்பு? எதற்கெடுத்தாலும் அதையே சொல்லாதீர்கள்.

மேடம், ஒரு வேலை செய்யுங்கள். உதிர்ந்த பூவை எடுத்துக் காம்பைப் பாருங்கள். காம்பு நடுவில் முழங்கால் மாதிரி ஒரு கணு இருக்கும். அந்த இடம் மஞ்சளாகி அங்கேயே கழன்றிருக்கிறதா, இல்லை பூச்சி கடித்த மாதிரி இருக்கிறதா? அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்குச் செருப்பில்லாமல் மாடியில் நின்று பாருங்கள், தளம் சுடுகிறதா என்று சொல்லுங்கள்.

மேடவாக்கம் மாடி:
ஐயா, பார்த்துவிட்டேன். எல்லாப் பூவும் அந்தக் கணுவில்தான் மஞ்சளாகிக் கழன்றிருக்கிறது, கடி எதுவும் இல்லை. தளம் ஒன்பதரைக்கும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பையெல்லாம் நேராகத் தளத்தில்தான் வைத்திருக்கிறேன், கறுப்புப் பை.

பழைய பெருங்களத்தூர்:
அப்போ பூச்சியும் இல்லை நோயும் இல்லை, ராத்திரிச் சூடு. தக்காளிக்குப் பகல் வெயிலைவிட ராத்திரிதான் முக்கியம். இரவு 21 டிகிரிக்கு மேல் போனாலே காய்ப்பிடிப்பு குறைய ஆரம்பிக்கும், 24-ஐத் தாண்டினால் ரொம்பக் கஷ்டம். சென்னையில் பங்குனியில் விடியற்காலையிலேயே 24 பக்கம் நிற்கிறது, உங்கள் மாடியோ பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பூராவும் கக்கிக்கொண்டிருக்கிறது. சூட்டில் மகரந்தம் மலடாகிவிடும். போதாததற்குக் கடற்கரை ஊர் ஈரக்காற்று, நல்ல மகரந்தமும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு உதிராது. சூல் பிடிக்காத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது, கணுவில் கழற்றிவிடும்.

இன்னொன்று, இன்றைக்கு உதிர்கிற பூவின் மகரந்தம் மொட்டாக இருந்தபோதே, ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்னாலேயே கெட்டுப்போனது. அதனால் இன்று எதைச் செய்தாலும் நாளைக்கே பலன் தெரியாது. நாலு நாளில் நிற்கவில்லை என்று இன்னொரு மருந்து வாங்கப் போய்விடாதீர்கள்.

புண்ணாக்குக் கரைசலை உடனே நிறுத்துங்கள். கடலைப் புண்ணாக்கில் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்), அதற்கு மேல் 19:19:19. கரும்பச்சை இலை என்று பெருமையாகச் சொன்னீர்களே, அதுதான் தொந்தரவே. வெயிலோடு இதுவும் சேர்ந்தால் செடி இலையைத்தான் வளர்க்கும்.

கீரைக்கட்டு:
அக்கா, நான் ஆவடி. போன வருஷம் எனக்கும் இதே கதை. பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன், மேலே 35 சதவீத நிழல்வலை கட்டினேன் (50 போட்டால் தக்காளிக்கு இருட்டாகிவிடும், அப்புறம் பூ குறைந்துவிடும்). காலை எட்டு எட்டரைக்குள் பூக்கொத்துக்குப் பின்னால் தண்டை விரலால் சுண்டிவிடுவேன், கொத்துக்கு நாலைந்து சுண்டு. தக்காளிப் பூவுக்குத் தேன் கிடையாது, தேனீ அவ்வளவாக வராது. பூவைக் கட்டிப்பிடித்து ‘ங்ர்ர்’ என்று அதிரவைக்கிற பெரிய கருவண்டு வந்தால் நல்லது, எங்கள் மாடிக்கு அது வந்ததே இல்லை, நாமேதான் வண்டு. வீட்டில் பார்த்துச் சிரிப்பார்கள், பரவாயில்லை.

மிளகாய் இலை மேல்பக்கமாகக் கப்பல் மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள்.

மேடவாக்கம் மாடி:
தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்தது) அடித்தால் பூ நிற்கும் என்று எங்கள் சித்தி சொல்கிறார், அடிக்கட்டுமா?

பழைய பெருங்களத்தூர்:
அடியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் மலடான மகரந்தத்தை மோர் பிழைக்க வைக்காது. தண்ணீரைப் பாருங்கள் முதலில். தென்னை நார்க்கழிவு கலந்த பையில் மேலே காய்ந்திருக்கும், இரண்டாவது விரற்கணுவரை நுழைத்தால் சொதசொதவென்று இருக்கும். ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் வறட்சி என்று விட்டால் மிச்சம் நிற்கிற பூவும் போய்விடும். வெளிப்படையாகச் சொல்கிறேன், சித்திரையில் இது இன்னும் மோசமாகும். கிழக்குச் சுவர் ஓரமாகக் காலை வெயில் மட்டும் படுகிற இடம் இருந்தால் நாலு செடியை அங்கே வைத்துக் காப்பாற்றுங்கள். மிச்சப் பையில் வெண்டை, கொத்தவரை போடுங்கள். இந்தச் சூட்டுக்கு அவைதான் சரி.

மேடவாக்கம் மாடி:
11 செடியில் 7 செடியைப் பிடுங்கச் சொல்கிறீர்களா? வயிறு எரிகிறது ஐயா.

பழைய பெருங்களத்தூர்:
முதல் வருஷம் எனக்கும் எரிந்தது. அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்கிற சமயம் பார்த்து விதை போடுகிறேன். தையில் பூ, மாசிக்குள் அறுவடை. இவ்வளவு நாள் உங்களை அலைக்கழித்தது விதையோ உரமோ அல்ல, இரண்டு மாசத் தாமதம்.

மேடவாக்கம் மாடி (மூன்று வாரம் கழித்து):
யாராவது இன்னும் பார்த்தால், நிலவரம் இது. நாலு செடியைக் கிழக்குச் சுவர் ஓரம், செங்கல் மேல் வைத்தேன். உரம் எதுவும் இல்லை, தினமும் காலையில் பூக்கொத்தைச் சுண்டிவிட்டேன். 14 நாள் வரை வழக்கம்போல உதிர்ந்தது. அப்புறம் ஒரு கொத்தில் பூ வாடியும் விழாமல் தொங்கியது, விலக்கிப் பார்த்தால் உள்ளே மிளகு சைஸில் பச்சையாக ஒன்று. இன்றைக்கு எண்ணினேன், நாலு செடியிலும் சேர்த்து 9. மற்ற ஏழையும் பிடுங்கிவிட்டேன், அந்தப் பையில் போட்ட வெண்டை ஐந்தாம் நாளே முளைத்து இப்போது நாலு இலை விட்டிருக்கிறது. மிளகாயில் கீழ்ப்பக்கம் கவிழ்கிற சுருட்டல்தான், இரண்டு தடவை வேப்பெண்ணெய் அடித்தேன், புதுத் துளிர் நேராக வருகிறது. சித்தி மட்டும் அந்த 9 காயும் நான் அடித்த தேமோரால்தான் என்கிறார்.

கீரைக்கட்டு:
சித்தியிடம் ஒன்றும் சொல்லாதீர்கள் அக்கா, கருவண்டு நீங்கள்தான் என்று எங்களுக்குத் தெரியும்.